சொந்தச் சக்கர நாற்காலியோடு சாங்கியிலிருந்து ஊருக்கு: டிக்கெட் எடுப்பது முதல் நாற்காலி திரும்பக் கைக்கு வரும்வரை

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு விமானப் பயணத்தின் உண்மையான ஆபத்து, நாற்காலி கையை விட்டுப் போகும் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது. செக்-இன் முகப்பில் பேசியவர் வேறு, வாசலில் நாற்காலியை வாங்கியவர் வேறு, சரக்கு அறையில் ஏற்றியவர் வேறு. ஏற்றுகிறவர் உங்களைப் பார்த்ததே இல்லை. நீங்கள் வாயால் சொன்ன எதுவும் அவர் காதுக்குப் போகாது. அதனால் சொல்ல வேண்டியதை எழுத்தில் பதிவு செய்யுங்கள், நாற்காலியின் மேலேயே ஒட்டி அனுப்புங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. கோரிக்கை ஒன்றல்ல, இரண்டு

பயணிக்கு விமான நிலையத்தில் தள்ளிச் செல்ல உதவி கேட்பது ஒரு கோரிக்கை. அவருடைய சொந்த நாற்காலியை விமானத்தில் ஏற்றிச் செல்வது இன்னொரு கோரிக்கை. இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது "வீல்சேர் உதவி" என்ற கட்டத்தில் டிக் போட்டால் முதலாவது மட்டும்தான் பதிவாகும். நாற்காலியின் எடை, அளவு, பேட்டரி எதுவும் நிறுவனத்துக்குத் தெரியாது. கையால் தள்ளும் கைநாற்காலி என்றால் எப்படியாவது சமாளித்துவிடலாம். பேட்டரியில் ஓடும் மின்நாற்காலியை முன்னறிவிப்பு இல்லாமல் கொண்டு போனால் செக்-இன் முகப்பிலேயே ஏற்ற மறுக்க வாய்ப்புண்டு.

டிக்கெட் எடுத்த அன்றே நிறுவனத்தைத் தொடர்புகொண்டு இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் குறைந்தது 48 மணி நேர முன்னறிவிப்பு கேட்கின்றன. மின்நாற்காலிக்கு அதை நம்பி இருக்காதீர்கள், ஒரு வாரமாவது கொடுங்கள். பேட்டரி விவரத்தை அவர்களின் வேறொரு பிரிவு பார்த்து ஒப்புதல் தர வேண்டியிருக்கும்.

லிட்டில் இந்தியாவில் ஏஜென்டிடம் டிக்கெட் எடுப்பவர்கள் கவனியுங்கள். "போட்டாச்சுங்க" என்ற வார்த்தையோடு கிளம்பாதீர்கள். பிஎன்ஆர் எண்ணை வைத்து நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டு, என்ன குறியீடு ஏறியிருக்கிறது என்பதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. சரியான குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள்

உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் ஒரே குறியீடுகளைத்தான் பயன்படுத்துகின்றன. பயணிக்கு மூன்று:

டபிள்யூசிஎச்ஆர்: நீண்ட தூரம் நடக்க முடியாது. படி ஏறலாம், விமானத்துக்குள் தானே நடந்து இருக்கைக்குப் போகலாம்.

டபிள்யூசிஎச்எஸ்: படி ஏற முடியாது. விமானத்துக்குள் மெல்ல நடக்க முடியும்.

டபிள்யூசிஎச்சி: நடக்கவே முடியாது. இருக்கை வரை தூக்கியோ குறுகிய நாற்காலியிலோ கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். எதுவும் குறிப்பிடாவிட்டால் பெரும்பாலும் முதல் குறியீடுதான் விழும். பக்கவாதம் வந்த அப்பாவுக்கு அந்தக் குறியீடு இருந்தால், விமானம் தூரத்தில் நிற்கும் நாளில் பேருந்தில் கூட்டிப்போய் ஏணிப்படி முன் நிறுத்திவிடுவார்கள். தூக்கு வண்டியான அம்புலிஃப்ட் அதன் பிறகுதான் தேடப்படும். ஒரு மாடிப் படியைக் கைப்பிடித்தாவது ஏற முடியாதவர் என்றால் இரண்டாவது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற இன்னொருவர் தூக்க வேண்டும் என்றால் மூன்றாவது. கூச்சப்பட்டு நிலைமையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. குடிநுழைவு வரிசையைத் தவிர்ப்பதற்காகவே நன்றாக நடக்கும் பெரியவர்களுக்கு உதவி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு விமானங்களில் இந்தக் கோரிக்கைகள் ஏற்கெனவே அதிகம். தள்ளுகிற ஊழியர்கள் எண்ணிக்கை குறைவு. தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு கோரிக்கைக்கும், எழுந்திருக்கவே முடியாத ஒருவர் கூடுதலாகக் காத்திருக்கிறார்.

நாற்காலிக்குத் தனிக் குறியீடு: கைநாற்காலிக்கு டபிள்யூசிஎம்பி, கசியாத உலர்வகை பேட்டரி நாற்காலிக்கு டபிள்யூசிபிடி, லித்தியம் பேட்டரி நாற்காலிக்கு டபிள்யூசிஎல்பி. இரண்டு குறியீடுகளும் உங்கள் முன்பதிவில் தெரிய வேண்டும்.

3. அளந்து எழுதுங்கள்

டேப்பை எடுத்து நாற்காலியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு நிலைகளில் அளவிடுங்கள்: விரித்த நிலை, மடக்கிய நிலை. எடையைப் பேட்டரியோடும் பேட்டரி இல்லாமலும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் முக்கியமானது உயரம். போயிங் 737 ரக விமானத்தில் சரக்கு அறைக் கதவின் உயரம் 90 செ.மீ. கூட இல்லை. ஏர்பஸ் 320 ரகத்தில் 1.2 மீட்டரை ஒட்டி இருக்கும். மடங்காத மின்நாற்காலியில் தலைசாய்ப்பானோடு சேர்த்தால் உயரம் ஒரு மீட்டரைச் சுலபமாகத் தாண்டும். நிமிர்த்தி ஏற்ற முடியாத நாற்காலியைப் படுக்க வைத்துத் தள்ளுவார்கள். கைப்பிடி வளைவதும் கட்டுப்பாட்டுக் கம்பி (ஜாய்ஸ்டிக்) உடைவதும் அப்போதுதான். முதுகுப் பலகையை முன்னால் மடக்கினால் எவ்வளவு உயரம் வருகிறது என்று பார்த்து அந்த எண்ணையும் கொடுங்கள். பெரிய நாற்காலி என்றால், எந்த ரக விமானம் என்பதைக் கேட்ட பிறகே டிக்கெட் எடுங்கள். இருபது முப்பது சிங்கப்பூர் வெள்ளி மலிவு என்பதற்காக ஏற்ற முடியாத விமானத்தில் பதிவு செய்து பயனில்லை.

4. பேட்டரி

பேட்டரியின் மேல் உள்ள வில்லையில் (லேபிளில்) வாட்-மணி (Wh) எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288 வாட்-மணி.

கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு அனைத்துலக விதி இதுதான்: நாற்காலியில் ஒரே பேட்டரி என்றால் 300 வாட்-மணி வரை. இரண்டு பேட்டரி என்றால் ஒவ்வொன்றும் 160 வாட்-மணியைத் தாண்டக்கூடாது. கூடுதலாகக் கைவசம் வைத்துக்கொள்ள 300 வரை ஒன்று, அல்லது 160 வரை இரண்டு. கழற்றிய பேட்டரி உங்களோடு பயணிகள் அறையில்தான் வர வேண்டும், சரக்கு அறைக்குப் போகக்கூடாது.

நாற்காலி வாங்கும்போதே பலர் விழும் குழி இங்கே இருக்கிறது. "விமானத்தில் கொண்டு போகலாம்" என்று சொல்லி விற்கப்படும் மடக்கு மின்நாற்காலியில் 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு இருந்தால், ஒவ்வொன்றும் 240 வாட்-மணி. ஒன்று மட்டும் இருந்தால் செல்லும், இரண்டு சேர்ந்தால் செல்லாது. அதே 24 வோல்ட்டில் 6 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுக்கு 144 தான் வரும், அது இரண்டாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் கடையிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

கழற்ற முடியாதபடி உறைக்குள் பாதுகாப்பாகப் பொருத்திய பேட்டரி நாற்காலியிலேயே இருக்கலாம், அதற்கு இந்த வாட்-மணி வரம்பு இல்லை. ஆனால் மின்சுற்றைத் துண்டித்து, நாற்காலி தானாக இயங்காதபடி செய்திருக்க வேண்டும். எந்த வகையானாலும் நிறுவனத்தின் ஒப்புதல் கட்டாயம்.

வில்லை அழிந்து போயிருந்தால், விற்ற கடையில் மாடல் எண்ணும் பேட்டரி விவரமும் உள்ள கடிதம் வாங்குங்கள். எழுத்து தெரியாத பேட்டரியை எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் விடமாட்டார்.

5. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

இவற்றைத் தாளில் அச்சடித்து வையுங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் போதாது.

நிறுவனம் நாற்காலிக்கும் பேட்டரிக்கும் தந்த ஒப்புதல் மின்னஞ்சல். பேட்டரியின் விவரத்தாள். நாற்காலி வாங்கிய ரசீது. பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ வாங்கிய ஒரு பக்கக் கடிதம், மருந்துப் பட்டியலோடு.

ரசீதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்பு வழியாகவோ ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாகவோ மானியத்தில் வாங்கியவர்கள், தாங்கள் கட்டிய தொகை மட்டும் உள்ள சீட்டை வைத்திருப்பார்கள். மானியத்துக்கு முந்தைய முழு விலை தெரியும் ரசீதைத் தேடி எடுங்கள். சேதமானால் மாற்று வாங்க ஆகும் செலவு அதுதான்.

மெடிஃப் என்ற மருத்துவப் படிவம் எல்லாருக்கும் தேவையில்லை. நிலையான உடல்நிலையில் வெறுமனே நடக்க முடியாதவரிடம் பொதுவாக அதைக் கேட்பதில்லை. அண்மையில் அறுவை சிகிச்சை, ஆக்சிஜன் தேவை, படுத்தே போக வேண்டிய நிலை என்றால் வேண்டும். மருத்துவர் நிரப்பிய பிறகு நிறுவனம் பார்த்து ஒப்ப நாள் ஆகும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். தானே சாப்பிடவோ, கழிவறை போகவோ, அவசரத்தில் வெளியேற நகரவோ முடியாதவர் துணையோடுதான் வர வேண்டும் என்று நிறுவனங்கள் வலியுறுத்தலாம்.

6. செலவு

தள்ளிச் செல்லும் உதவிக்கும் நாற்காலியை ஏற்றுவதற்கும் பொதுவாகக் கட்டணம் கிடையாது. நாற்காலி உங்கள் பெட்டி எடைக் கணக்கில் சேராது. முகப்பில் சேர்த்து எடை போட்டால் உடனே சொல்லித் திருத்துங்கள். மலிவு விமானங்களில் இருக்கை தேர்வுக்குப் பணம் கேட்பார்கள். பயணி உடற்குறையுள்ளவர், துணை பக்கத்தில் உட்கார வேண்டும் என்று தொலைபேசியில் விளக்கிக் கேட்ட பிறகு பணம் கட்டுங்கள்.

பயணக் காப்புறுதியில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருக்கும். சக்கர நாற்காலி அதில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

7. நாற்காலியைத் தயார்செய்வது

முந்தைய நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் படம். நான்கு பக்கமும், சக்கரங்கள், கட்டுப்பாட்டுக் கம்பி, கைப்பிடி, ஏற்கெனவே இருக்கும் கீறல்கள். மின்நாற்காலி என்றால் அது ஓடுவதைக் காட்டும் அரை நிமிடக் காணொளி. விமான வாசலில் ஒப்படைக்கும்போது இன்னொரு முறை எடுங்கள்.

அடுத்து, கழன்று விழக்கூடிய எல்லாவற்றையும் நீங்களே கழற்றிவிடுங்கள். இருக்கை மெத்தை, தலைசாய்ப்பான், பாதப் பலகை, பக்கத் தடுப்பு எல்லாம் ஒரு பையில் போட்டு உங்களோடு வரட்டும். தூக்குகிறவர் கைக்கு எட்டுவதைப் பிடித்துத்தான் தூக்குவார். கழற்றக்கூடிய கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கைப்பிடி கையோடு வரும், நாற்காலி தரையில் விழும். பொத்தானை அழுத்தினால் கழலும் சக்கரம் உள்ள நாற்காலியிலும் இதே ஆபத்து. அச்சின் நடுவில் உள்ள பொத்தான் மேல் "அழுத்த வேண்டாம்" என்று ஒட்டுங்கள்.

மெத்தையைச் சரக்கு அறைக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். தொலைந்தால் மாற்று உடனே கிடைக்காது. அது இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலே படுக்கைப்புண் தொடங்கிவிடும் உடல்கள் உண்டு. காற்று நிரப்பிய மெத்தையை விமான இருக்கையில் போட்டு உட்காருகிறவர்கள், மேலே போனதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். அறையின் அழுத்தம் குறையும்போது மெத்தை உப்பிக் கெட்டியாகும். இறங்கிய பிறகு மறுபடி ஊதிச் சரிபாருங்கள். டயர் காற்றை இறக்கத் தேவையில்லை, சரக்கு அறையிலும் பயணிகள் அறையைப் போலவே அழுத்தம் பராமரிக்கப்படுகிறது. யாராவது இறக்கச் சொன்னால் இதை அமைதியாக விளக்குங்கள்.

மின்நாற்காலியில் முதலில் உடைவது கட்டுப்பாட்டுக் கம்பி. முடிந்தால் இணைப்பைக் கழற்றி அதையும் பையில் வையுங்கள். முடியாவிட்டால் கைப்பிடிக்கு உள்பக்கமாகத் திருப்பி, குமிழி உறையை நான்கைந்து சுற்றுச் சுற்றி, அதன் மேல் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து ஒட்டுங்கள்.

அதன் பிறகு மோட்டார் நெம்புகோல். மின்சாரத்தை அணைத்ததும் மோட்டார் பூட்டிக்கொள்ளும். தள்ள முடியாத நாற்காலியை இழுத்துக்கொண்டு போனால் பல்சக்கரப் பெட்டி போய்விடும். எந்த நெம்புகோலை எந்தப் பக்கம் திருப்பினால் கையால் தள்ளலாம் என்பதை அம்புக்குறி போட்டு ஒட்டுங்கள். ஏற்றி நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திருப்பினால்தான் நாற்காலி உள்ளே உருளாது, அதையும் எழுதுங்கள்.

கடைசியாக முதுகுப் பலகையில் தொங்கவிட ஒரு தாள். ஏ4 அளவு, பிளாஸ்டிக் உறை போட்டது, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில். எடை, எங்கே பிடித்துத் தூக்க வேண்டும், எங்கே பிடிக்கக்கூடாது, படுக்க வைக்கலாமா, பேட்டரி வகை, அது கழற்றப்பட்டதா இல்லையா, உங்கள் பெயர், விமான எண், துணை வருகிறவரின் தொலைபேசி. தூக்கும் இடங்களில் பச்சை நாடா, தொடக்கூடாத இடங்களில் சிவப்பு நாடா. அவசரத்தில் யாரும் தாளைப் படிக்க மாட்டார்கள். நிறம் கண்ணில் படும்.

மடக்கிய நாற்காலி விரியாமலிருக்க பிளாஸ்டிக் கட்டுநாடா போடாதீர்கள். அதை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டும், பாதுகாப்புச் சோதனையில் அது உங்களிடம் இருக்காது. ஒட்டித் திறக்கும் வெல்க்ரோ பட்டை போதும். திருகுச்சாவிகளும் இப்படித்தான், இந்தியப் பாதுகாப்புச் சோதனையில் சிறிய ஆலன் சாவியைக்கூடப் பறிமுதல் செய்துவிடக்கூடும். பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

8. சாங்கியில்

மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். பெருவிரைவு ரயிலில் போவதென்றால் மின்தூக்கிகள் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் ஊருக்குப் போகும் பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன, கடைசி ரயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாய்தளம் உள்ள பெரிய டாக்ஸியான மேக்ஸி கேப் என்றால் முந்தைய நாளே பதிவு செய்யுங்கள். இரவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்துமிடத்தில் நின்று தேடினால் கிடைக்காது.

முகப்பில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "விமான வாசல்வரை என் நாற்காலியிலேயே போகிறேன். இறங்கும்போதும் வாசலிலேயே வேண்டும்." வாசலில் ஒப்படைப்பதற்கான தனி வில்லையை நாற்காலியில் கட்டச் சொல்லி, அதன் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். முகப்பிலேயே நாற்காலியைக் கொடுத்துவிட்டு நிலையத்தின் நாற்காலியில் உட்காரச் சொன்னால் காரணம் கேளுங்கள். அப்படிக் கொடுத்தால் உங்கள் நாற்காலி பெட்டிகளோடு பெட்டியாகச் சுழல்பட்டையில் போகும்.

முனையம் 1, 2, 3 ஆகியவற்றில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் நுழைவாயிலுக்குப் (கேட்) பக்கத்தில்தான். முனையம் 4இல் குடிநுழைவை ஒட்டி ஒரே இடத்தில். நாற்காலியில் இருப்பவரைக் கையால் தடவிச் சோதிக்க நேரம் பிடிக்கும், கடையில் நேரம் போக்காமல் முதலில் நுழைவாயிலுக்குப் போய்விடுங்கள். பேட்டரியைக் கழற்றும் இடம் விமான வாசல். இணைப்பு முனைகளை மின்காப்பு நாடாவால் மூடி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, பேட்டரி உங்களிடம் இருப்பதைப் பணியாளரிடம் சொல்லுங்கள்.

9. விமானத்துக்குள்

மூன்றாவது குறியீட்டுக்காரரை எல்லாருக்கும் முன்னால் ஏற்றுவார்கள், கடைசியில் இறக்குவார்கள். இடைவழியில் செல்லும் நாற்காலி மிகக் குறுகலானது, கை வைக்க இடமிருக்காது. தூக்குவதற்கு முன் எப்படித் தூக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள்: எந்தக் கை வலிக்கும், எங்கே பிடிக்கக்கூடாது. வலிமையான ஆள் என்பதற்காக அக்குளில் கை கொடுத்து இழுக்க விடாதீர்கள், பக்கவாதம் வந்த தோளுக்கு அது பெரிய கேடு. இடைவழிப் பக்கக் கைப்பிடி மேலே உயர்கிற இருக்கையாகக் கேட்டு வாங்கினால் வேலை பாதியாகக் குறையும்.

கழிவறைக்குக் கூட்டிப்போகும் நாற்காலி சிறிய விமானங்களில் இல்லாமலும் போகலாம். முன்பே கேட்டுவைத்து, நான்கு மணி நேரப் பயணத்துக்கு ஏற்றபடி தயாராக ஏறுங்கள்.

10. தரையிறங்கும்போது

இறங்கத் தொடங்குவதற்கு முன்பே பணியாளரைக் கூப்பிட்டு, நாற்காலி வாசலுக்கு வர வேண்டும் என்று தரையில் இருப்பவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நாற்காலி வந்துவிட்டது என்று கேட்ட பிறகு இருக்கையை விட்டு எழுந்தால் போதும். வெறும் இரும்பு நாற்காலியில் வெளியே காத்திருப்பதைவிட உங்கள் மெத்தையில் உள்ளே காத்திருப்பது உடம்புக்கு நல்லது.

வெளியே தள்ளிக்கொண்டு போகிறவர் பணம் எதிர்பார்த்தால், இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். விருப்பப்பட்டுக் கொடுப்பது உங்கள் முடிவு, கேட்டு வாங்கும் உரிமை யாருக்கும் இல்லை.

11. சேதமாகியிருந்தால்

நாற்காலி வந்ததும் உட்காருவதற்கு முன் பாருங்கள். சக்கரம் நேராகச் சுற்றுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, மின்நாற்காலி நான்கு திசையிலும் போகிறதா. வளைந்த சட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் விரிசல் அதிகமாகும், விழவும் நேரிடும்.

சேதம் இருந்தால் சுங்கத்தைத் தாண்டி வெளியே போகாதீர்கள். சொந்தக்காரர்கள் வெளியே காத்திருப்பார்கள், வண்டிக்காரர் அழைத்துக்கொண்டே இருப்பார், இருந்தாலும் நில்லுங்கள். பெட்டிச் சேவை முகப்பில் பிஐஆர் எனப்படும் சேத அறிக்கை எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். "நல்ல நிலையில் பெற்றேன்" என்ற வரி உள்ள எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சரியாகும்வரை மாற்று நாற்காலி கேளுங்கள், உங்கள் உடல் அளவையும் சொல்லிக் கேளுங்கள்.

சிங்கப்பூரும் இந்தியாவும் 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்பாட்டில் இருப்பதால் இந்தப் பயணங்களுக்கு அதுவே பொருந்தும். அதன்படி நாற்காலியைப் பெற்ற 7 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போய்ச் சேர வேண்டும். முகப்பில் எழுதிய அறிக்கையே போதும் என்று இருந்துவிடாதீர்கள், படங்களோடு மின்னஞ்சலும் அனுப்புங்கள். வழக்குப் போட 2 ஆண்டுகள் வரை நேரம் உண்டு.

இழப்பீட்டுக்கு வரம்பு இருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறக்குறைய 2,600 வெள்ளி. கைநாற்காலிக்கு இது பெரும்பாலும் போதும். பத்தாயிரம் வெள்ளி மின்நாற்காலிக்குக் கால்வாசிதான். இதற்கு உடன்பாட்டிலேயே ஒரு வழி இருக்கிறது: நாற்காலியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைச் சிறப்பு அறிவிப்பாக எழுதிக் கொடுத்து, நிறுவனம் கேட்டால் கூடுதல் தொகை கட்டலாம். முகப்பில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கக்கூடும். அதனால் பயணத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சடித்துக் கொண்டு போங்கள்.

ஊரில் அவசரத்துக்குப் பழுது பார்த்தால் பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல் ரசீதோடு வைத்திருங்கள். நிறுவனம் இழுத்தடித்தால், சிங்கப்பூரில் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

12. திரும்பி வரும்போது

போகும்போது போட்ட கோரிக்கை திரும்பும் பயணத்துக்குத் தானாக வரும் என்று எண்ணாதீர்கள், வேறு நிறுவனம் என்றால் நிச்சயம் வராது. ஊரிலிருந்து கிளம்ப இரண்டு மூன்று நாள் இருக்கும்போது மறுபடி அழைத்து இரண்டு குறியீடுகளையும் உறுதி செய்யுங்கள். இந்திய விமான நிலையத்தில் பேட்டரியைச் செக்-இன் முகப்பிலும் பாதுகாப்புச் சோதனையிலும் தனித்தனியாக விசாரிக்கலாம். ஒப்புதல் மின்னஞ்சலையும் விவரத்தாளையும் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் தொங்கும் தாளில் விமான எண்ணை மாற்ற மறக்காதீர்கள். பழைய வில்லைகளையும் அதற்கு முன் பிய்த்துவிடுங்கள், போன பயணத்தின் வில்லையைப் பார்த்து நாற்காலியை வேறு விமானத்துக்கு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு.